ஆறு பக்கத்திலிருந்து வருகிறது

(சிங்கப்பூர் மார்சிலிங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



அமைப்பாளர்கள் எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு 'தமிழ் இலக்கியத்தில் ஆறுகள்'. இலக்கியத்தில் ஆறுகளுக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே அவை இரு கரையும் தொட்டுத்தான் ஓடுகின்றன. நான் கல்லையும் மண்ணையும் பாடம் நடத்திப் பிழைத்தவன், ஊரில் இருக்கிற ஆற்றைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலுக்கு நன்றி.

மகள் வீடு இங்கே மார்சிலிங்கில்தான். பத்து நாளாகக் காலையில் ஜொகூர் நீரிணை ஓரம் நடக்கப் போகிறேன். எதிரே மலேசியாவின் ஜொகூர் பாரு. கடற்பாலத்தின் ஓரமாக ஆள் உயரக் குழாய்கள் கிடக்கின்றன. ஒரு நாட்டின் ஆறு இன்னொரு நாட்டுக்குக் குழாய்க்குள் வருவதை இவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. இந்தப் பாலம் முறைப்படி திறக்கப்பட்ட ஆண்டு 1924. அதே ஆண்டு பிப்ரவரி 18இல்தான் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால் ஊரை விட்டு வந்தவனுக்கு இப்படித்தான் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

போன வாரம் மார்சிலிங் லேன் உணவங்காடியில் தே குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி வந்து உட்கார்ந்தார். கட்டுமான வேலை, ஆம்பூர்ப் பக்கம். நான் என்ன படித்தவன் என்று தெரிந்ததும் கேட்டார்: "ஐயா, எங்க பாலாத்துல ஏன் தண்ணி வர்றதில்ல? மேல அணை கட்டிட்டாங்கன்றாங்க, மழ கொறஞ்சிடுச்சின்றாங்க, மண்ண அள்ளிட்டாங்கன்றாங்க. எதுங்க நெசம்?" இந்தச் சொற்பொழிவே அவருக்குச் சொல்ல நினைத்த பதில்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மலையிலிருந்து வருகிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. மழை நின்ற பிறகும் ஓடுகிற ஆறு பக்கத்திலிருந்து வருகிறது. இரு கரைக்கும் அப்பால் இருக்கும் வயலின் அடியிலிருந்து, மணலுக்குள்ளிருந்து, பாறை வெடிப்பிலிருந்து கசிந்து வருகிறது. அந்தக் கசிவை நாம் ஆறாகும் முன்பே எடுத்துச் செலவு செய்துவிட்டோம். உழவு நடக்கிற நிலங்களில் ஆறுகள் மெலிந்ததற்கு இதையே முதற்காரணமாக நான் காண்கிறேன். மற்றவை பொய் என்று சொல்லவில்லை. அவற்றின் இடம் இதற்குப் பின்னால்.

1. எது குறைந்தது?

'தண்ணீர் வரவில்லை' என்கிறோம். 2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாமல் வந்தது. தரைப்பாலங்கள் மூழ்கின. படம் எடுக்கக் கூட்டம் கூடியது. அடுத்த கோடையில் மணல் பழையபடி கானலாடியது. ஆகவே வெள்ளம் தொலைந்துபோகவில்லை. தொலைந்தது வெள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஓடிய மெல்லிய நீர். நாங்கள் அதை அடியோட்டம் என்போம்.

நான் வாலாஜாபாத்துக்குப் பக்கத்துப் பாலாற்றங்கரைக்காரன். சின்ன வயதில் பாலாறு நுரைத்து ஓடியதை நான் பார்த்த நாட்கள் குறைவுதான். ஆனால் மாசி பங்குனியிலும் மணலில் இரண்டு முழம் கையால் தோண்டினால் ஊற்று வரும். பாட்டி தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவாள். அந்த ஊற்றை நம்பி வயல்களே இருந்தன. ஆற்று மணலுக்குள் நீளமாக ஒரு கால்வாய் வெட்டுவார்கள். மணலில் கசிகிற நீர் அதில் சேர்ந்து, சரிவு பிடித்து, ஒரு மாட்டையோ மோட்டாரையோ கேட்காமல் வயலுக்குப் போய்விடும். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். வெள்ளம் வந்துபோன பின் ஒவ்வோர் ஆண்டும் அது மணலால் தூர்ந்துவிடும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்க் 'கால் வெட்டி'விட்டு வர வேண்டும். மேலே ஈரமே தெரியாத ஆறு கீழே ஓர் ஊரையே விளைய வைத்தது. கல்பாக்கத்துக்கும் தாம்பரம், பல்லாவரத்துக்கும் தண்ணீர் போனதும் இதே மணலடியிலிருந்துதான்.

ஈரத்துணியைக் கொடியில் போட்டால் நாம் உள்ளே போய்விட்ட பிறகும் நுனியில் சொட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? நிலம் அந்தத் துணி. ஆறு அதன் நுனி. கரைக்கு அப்பால் நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரமாக இருக்கும்வரை சொட்டு நிற்காது. மட்டம் படுகைக்குக் கீழே இறங்கிவிட்டால் கதை தலைகீழ். அதன்பின் ஆற்றில் வருகிற நீரை நிலம் குடிக்கும். மேலே திறந்துவிடும் தண்ணீர் பத்து மைல் போவதற்குள் காணாமல் போவதை மணலின் தாகம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அது மணலின் தாகமல்ல, கரையோரக் கிணறுகளின் தாகம்.

2. அர்க்காவதி: ஓர் ஆற்றின் பிரேதப் பரிசோதனை

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை. அந்த மலைப்பகுதியில்தான் பாலாறும், தென்பெண்ணையும், வடபெண்ணையும், அர்க்காவதியும் தலையெடுக்கின்றன. கிழக்கே வந்தது எங்கள் பாலாறு. தெற்கே போன அர்க்காவதி கனகபுரத்துக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்குக் குழாயில் குடிநீர் கொடுத்த முதல் ஆறு அர்க்காவதிதான். 1890களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து தண்ணீர் போனது. அது போதாமல் 1933இல் திப்பகொண்டனஹள்ளியில் அணை கட்டினார்கள். அந்த அணைக்கு வரும் நீர் பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, நகரம் அதை நம்ப முடியாத நிலைக்கு வந்தது. இன்று பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரியை மேடேற்றிக் குடிக்கிறது. தன் ஆறு வற்றிப்போக, அடுத்த ஆற்றை நம்பி நிற்கும் ஊர் அது.

ஆறு ஏன் வற்றியது என்று வீணா சீனிவாசனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2015இல் வெளிவந்தது. தலைப்பே 'அர்க்காவதி ஏன் வற்றுகிறது' என்ற கேள்விதான். எனக்கு அதில் பிடித்தது அவர்கள் போன வழி. ஒரு குற்றவாளியை முதலில் பிடித்துவைத்துக்கொண்டு சாட்சி தேடவில்லை. சந்தேகப்படத்தக்க எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள்: மழை குறைந்ததா, வெயில் கூடியதா, கிணறுகள் உறிஞ்சினவா, தைல மரங்கள் குடித்தனவா, ஓடைகளில் கட்டிய தடுப்பணைகள் நிறுத்தினவா? ஒவ்வொருவரையும் கேட்டு, சாட்சி ஒத்துவராதவரை வெளியே அனுப்பினார்கள்.

முதலில் வெளியே போனவை மழையும் வெயிலும். அவற்றில் நேர்ந்த மாற்றத்தைக் கொண்டு அவ்வளவு பெரிய வீழ்ச்சியை விளக்க முடியவில்லை. நின்றவை நிலத்தடி நீர் உறிஞ்சலும் தைல மரத் தோப்புகளும். ஓடைத் தடுப்புகளுக்கு அவற்றைவிடச் சிறிய பங்கு. பெங்களூர்க்காரர்கள் ஆற்றைக் கொன்றது நகரம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அணைக்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி வயலும் தோப்பும்.

பாலாற்றுக்கு இப்படி ஒரு பரிசோதனை நடந்து நான் படித்ததில்லை. ஆனால் பாறை ஒன்று, மழை ஏறத்தாழ ஒன்று, பயிர் மாறிய வரலாறும் ஒன்று. தங்கையின் நோயை வைத்து அக்காவின் நோயை ஊகிப்பது மருத்துவத்தில் சரியா என்று தெரியாது. எங்கள் துறையில் அதைச் செய்யாமல் காலம் தள்ள முடியாது.

3. மழை

இதில் அதிகம் நிற்கப் போவதில்லை. மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைவு. அடுத்த சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் கோடையில் ஆறு ஓடவில்லை என்பதுதான் நம் கேள்வி. மழை நாட்கள் சுருங்கி, பெய்வது கொட்டித் தீர்ப்பதாக மாறினால் நிலத்துக்குள் இறங்குவது குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இறங்கியதை யார் எடுத்தார்கள் என்று கேட்காமல், இறங்காததைப் பற்றி மட்டும் புலம்புவது வசதியான துக்கம்.

4. கிணறு

இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும்.

மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணற்றுக்கு ஒரு காவல் இருந்தது. மாட்டின் மூச்சு. பொழுது சாய்ந்தால் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவெல்லாம் கிணறு ஊறும். கயிறு நீள நீள ஒரு சாலுக்கு ஆகும் நேரம் கூடும், ஆகவே ஆழத்துக்கும் எல்லை இருந்தது. ஆயில் என்ஜின் வந்தது. பிறகு மின் மோட்டார். 1990இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. நிலத்தடி நீரை எடுப்பதற்கு இருந்த கடைசிச் செலவும் போய்விட்டது. இன்று அங்கே விவசாயப் பம்புசெட்டுகள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தியா முழுவதும் எடுக்கப்படும் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கன கிலோமீட்டர். உலகில் வேறு எந்த நாடும் இவ்வளவு எடுப்பதில்லை. அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாசனத்துக்கு.

நான் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். கூண்டில் ஏற்றுவதானால் என் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். ஊற்றுக்கால் வெட்டப் போக ஆள் குறைந்த ஆண்டு அவர் கடன் வாங்கி மோட்டார் வைத்தார். 'இனிமே யார் கையையும் எதிர்பார்க்க வேணாம்' என்று அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. அவர் சொன்னது முழு உண்மை. ஊற்றுக்கால் ஊரே கூடினால்தான் ஓடும். மோட்டார் ஒருவர் பொத்தானை அழுத்தினால் ஓடும். ஒவ்வொரு வீடும் விடுதலை அடைந்தது, ஊற்றுக்கால் அநாதையானது. பத்துப் பதினைந்து ஆண்டில் ஆற்றோரக் கிணறுகளின் மட்டம் படுகைக்குக் கீழே போனது. அதன்பின் கால் வெட்டினாலும் ஊறியிருக்காது.

நம் பகுதியின் அடியில் இருப்பது கருங்கல். மேலே மக்கிய பாறை கொஞ்சம், அதில்தான் திறந்த கிணறுகள் ஊறின, அதுதான் ஆற்றுக்கும் ஊட்டியது. அந்த அடுக்கைக் காலி செய்த பிறகு, கீழே வெடிப்புகளில் தேங்கிக் கிடக்கும் பழைய நீரை ஆழ்துளைக் கிணறு தேடிப் போகிறது. 200 அடி, 500 அடி, 1,000 அடி. மேல் அடுக்கு காய்ந்தே கிடந்தால் பெய்கிற மழை முதலில் அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டும். நிரம்பி வழிந்தால்தான் ஆறு. நாம் நிரம்ப விடுவதில்லை.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆறு அரசுடையது. கிணற்று நீரோ, 1882ஆம் ஆண்டின் வசதி உரிமைச் சட்டக் காலத்திலிருந்து, நிலத்துக்காரர் தம் நிலத்தடியிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை. ஒரே நீர், இரண்டு கணக்குப் புத்தகம். ஒரு புத்தகத்தில் செலவு எழுதுகிறோம், இன்னொன்றில் இருப்பு குறைவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம்.

5. மரம்

மரம் வைத்தால் ஆறு ஓடும் என்பது மேடைக்கு நல்ல வாக்கியம். எந்த மரம், எங்கே என்று கேட்டால் மேடை கலைந்துவிடும். தைல மரம் ஆழ வேர் விட்டு ஆண்டு முழுதும் குடிக்கும். அர்க்காவதியின் மேட்டு நிலங்களில் கேழ்வரகு போய்த் தைலம் வந்தது. கேழ்வரகு நாலு மாதத்தில் முடிந்துவிடும், எஞ்சிய நீரை மண்ணுக்கு விட்டுவிடும். தைலம் விடாது. குடகில் நிலை வேறு. அங்கே காப்பித் தோட்டங்களின் மேலே நிழலுக்கு நின்ற பல இன நாட்டு மரங்களின் இடத்தில், விரைவில் காசாகும் சில்வர் ஓக் வரிசைகள் நுழைந்துவிட்டன. காவிரியின் தலை அது. இலைமெத்தை மூடிய மண்ணில் இறங்குகிற மழை வேறு, வரிசைத் தோட்டத்துச் சரிவில் வழிகிற மழை வேறு.

6. மணலும் தடுப்பணையும்

ஆம்பூர்த் தம்பி சொன்ன மூன்றில் மணலும் ஒன்று. பாலாற்று மணலை ஒரு பாத்திரம் என்று நினையுங்கள். வெள்ளத்தின்போது நிரம்பி, கோடையில் மெதுவாக வெளியே விடும் பாத்திரம். அதை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். அடியில் களிமண் எட்டிப் பார்க்கும் இடங்களில் இனி எந்த வெள்ளம் வந்தாலும் தங்காது. படுகை தாழ்ந்ததால் கால்வாய்த் தலைப்புகளும் உயரத்தில் மாட்டிக்கொண்டன. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய வாலாஜா அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் பெரிய ஏரிக்குத் தண்ணீர் போகும். அணைக்கட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏரி நிரம்புவதுதான் செய்தியாகிவிட்டது.

தடுப்பணைகள் பற்றி: பாலாறு 348 கிலோமீட்டரில் 93 கர்நாடகத்திலும் 33 ஆந்திரத்திலும் ஓடி, மீதி 222 நம்மிடம் ஓடுகிறது. குப்பம் பகுதியில் ஆந்திரம் கட்டிய, உயர்த்திய தடுப்பணைகளால் நமக்கு வருவது குறைந்தது உண்மை. அது பற்றிய வழக்கில் நான் தமிழ்நாட்டின் பக்கம்தான். ஆனால் அந்த அணைகளை நாளை இடித்துவிட்டாலும், வருகிற நீர் வாணியம்பாடியையும் ஆம்பூரையும் தாண்டிக் கோடையில் எங்கள் ஊர்வரை வந்து சேருமா என்றால், வராது. வழியிலேயே நிலம் குடித்துவிடும்.

7. காவிரிக்கு இது பொருந்துமா?

இந்த அரங்கில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் பாதிப் பேர் இருப்பீர்கள். 'கிணற்றுக் கதையெல்லாம் சரி, மேட்டூருக்கு வராததற்குக் காரணம் கர்நாடகத்துக் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் ஹேமாவதியும்தானே' என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. காவிரியின் பெருவழியில் அணைகளின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. 2012 தொடங்கி எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2020இல் திறந்தார்கள். 2023இல் தேதி தவறாமல் திறந்தும், நீர் தீர்ந்து அக்டோபர் 10இல் மூடினார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் நீரின்றி ஷவர்க் குழாயில் தலை நனைத்த ஆண்டுகளை நாம் மறக்க முடியாது.

ஆனால் அணை நீரைத் தின்பதில்லை. ஆவியாவதைத் தவிர, வைத்திருந்து கொடுக்கிறது. தின்பது அணைக்குக் கீழே விரிந்த கரும்பும் நெல்லும். மண்டியாவிலும் அப்படித்தான், நம்மிடமும் அப்படித்தான். காவிரி நடுவர் மன்றம் 2007இல் 740 டிஎம்சியைப் பங்கிட்டது. ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14இல் சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதாக 4. கூட்டிப் பாருங்கள், கணக்கு முடிந்துவிட்டது. ஆற்றுக்கென்று ஒதுக்கியது அந்தப் பத்துதான்.

இந்தக் கணக்கில் கிணறுகள் எங்கே? 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிலத்தடி நீரைத் திரும்பிப் பார்த்தது. பார்த்த விதம்தான் வேடிக்கை. டெல்டாவின் அடியில் நீர் இருக்கிறதே என்று சொல்லி, ஆற்றுப் பங்கில் 10 டிஎம்சியைக் கழித்தது. பெங்களூருக்கு 4.75 சேர்த்து மொத்தம் 14.75 குறைந்து, மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 192இலிருந்து 177.25 ஆனது. கிணற்றையும் ஆற்றையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும் என்று நாற்பது ஆண்டாகச் சொல்லி வருகிறவன் நான். இப்படி எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. டெல்டாவின் அடிநீருக்கே காவிரிதான் தாய். தாய்ப்பாலைக் குறைத்துவிட்டுப் பிள்ளையின் உடம்பில் இரத்தம் இருக்கிறதே என்பது போலத்தான் இது. அதுவும் கடலோரத்தில் ஆழமாக எடுத்தால் உப்பு ஏறும் மண்ணில்.

8. சொட்டுநீர்

குறுகச் சொல்கிறேன். சொட்டுநீர் போட்டால் ஆறு பிழைக்கும் என்பது எல்லா இடத்திலும் உண்மையல்ல. வாய்க்கால் பாசனத்தில் 'வீணாகும்' நீரில் ஒரு பகுதி கசிந்து கீழ்க்காட்டுக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்திச் சேமித்த நீரில் இன்னும் இரண்டு ஏக்கர் கூடுதலாக வாழை வைத்தால், வயல் சேமித்தது, ஆறு இழந்தது.

9. இங்கிருந்து பார்த்தால்

உழவு ஆற்றைக் குடிப்பது நம் ஊர் அதிசயமல்ல. 1997இல் சீனத்தின் மஞ்சள் ஆறு 226 நாள் கடலைத் தொடவில்லை. அதன்பின் மாகாணங்களின் எடுப்பை ஒரே கையில் வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். 1999க்குப் பிறகு அது வறண்டு நிற்கவில்லை. பருத்திக்காக இரண்டு ஆறுகளைத் திருப்பியதில் ஏரல் கடல் என்ன ஆனது என்பது பள்ளிப் பாடம்.

உங்களுக்குப் பக்கத்திலிருப்பது ஜொகூர் ஆறு. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அதிலிருந்து 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுக்கலாம். அதற்குத் துணையாக மேலே லிங்கியு நீர்த்தேக்கம், 1995இல் முடிந்தது. அதன் வேலை மழைக்காலத்தில் சேர்த்து வைத்து, ஆறு மெலியும்போது திறந்துவிட்டு, கழிமுகத்திலிருந்து ஏறிவரும் கடல்நீரைப் பின்னுக்குத் தள்ளுவது. 2016 அக்டோபரில் லிங்கியு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. மழைக்குப் பஞ்சமில்லாத நாட்டிலேயே. ஆறு மெலிந்தால் கடல் உள்ளே வரும் என்பது நாகப்பட்டினத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலேயே தேக்காவுக்குப் போனால் கெர்பாவ் சாலையில் நில்லுங்கள். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அந்த வட்டாரத்தில் மாட்டுப்பட்டிகள் வந்ததே பக்கத்தில் தண்ணீரும் புல்லும் இருந்ததால்தான். இன்று அங்கே நின்று எருமை எங்கே குளித்திருக்கும் என்று கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் ஊற்றுக்கால் எங்கே இருந்தது என்று நான் கேட்டபோதும் சிரித்தார்கள்.

ஆம்பூர்த் தம்பிக்கு உணவங்காடியில் இதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அவருடைய நிலம், நடுவே போர் வண்டி, வானத்தை மறைத்துக்கொண்டு வெள்ளைப் புழுதி. சிங்கப்பூருக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுச் சேமிப்பு. "எழுநூறு அடிங்க ஐயா. புழுதிதான் வந்துச்சு." தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் மறுபடி வந்து வேறு மூலையில் ஒரு பாயிண்ட் காட்டியிருக்கிறாராம். அங்கே போட்டால் வருமா என்று என்னைக் கேட்டார். பாறையைப் பார்க்காமல் சொல்ல முடியாது தம்பி, கொஞ்சம் பொறுங்கள், ஊருக்குப் போனதும் நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டார். பணம் போன வெள்ளிக்கிழமையே அனுப்பியாகிவிட்டதாம்.